ஐசியூ வாசலில் யார் பேசுவது, எப்படிப் பேசுவது? கொங்குப் பக்கத்து உறுப்பு தானம் பற்றி ஒரு விவாதம்

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. "உறுப்பு தானம் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொள்வதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. கொடுக்கிற மனசு நம்ம ஜனங்களுக்கு இருக்கிறது. 2008 இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே கலங்கியது. அதற்கப்புறம் எத்தனையோ குடும்பங்கள் பேப்பரில் பேர்கூட வராமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன. மாநிலம் முழுக்க 2023 இல் 178 பேர், 2024 இல் 268 பேர். சேலத்திலிருந்து கோவை வரைக்கும் நம்ம நெடுஞ்சாலையில் தினமும் ஆம்புலன்ஸ் ஓடுவதைப் பார்க்கிற யாருக்கும் இதில் நம்ம பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரியும்.

நான் பேச நினைப்பது, வாசலில் நிற்கிற குடும்பத்திடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதும், கொடுத்தது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதும். இது ரெண்டும் தனித்தனி விஷயம் மாதிரித் தெரிந்தாலும் ஊருக்குள் ஒன்றாகத்தான் பேசப்படுகிறது.

என் சித்தப்பா மகன் பைபாஸில் அடிபட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒருவர் சித்தப்பாவிடம் பேசினார். "மூளைச்சாவுங்க, இனி செய்ய ஒன்றுமில்லை" என்றார். அடுத்த மூச்சில் "உறுப்பு தானம் பற்றி யோசித்துச் சொல்லுங்க" என்றார். அப்புறம் அவரே "பில்லில் பாக்கி இருக்குது, கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார். லிஃப்ட் கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் சித்தப்பா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

சித்திதான் கொடுக்கலாம் என்று சொன்னார். கொடுத்தோம். அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் "பில்லைக் கழிக்கத்தான் கொடுத்தாங்களாம்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. சித்தி ரேஷன் கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். அந்த மூன்று விஷயத்தையும் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே மூச்சில் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். உங்கள் அனுபவம் எப்படி?

ஐசியூ அக்கா (கோவை)

தம்பி, படித்ததும் மனசு கனத்துப் போச்சு. சித்தியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரொம்ப வருஷமாக ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். நடக்க வேண்டிய முறை இதுதான்: முதலில் சாவைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் இத்தனை நாளாகப் பார்த்த டாக்டர். சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். குடும்பம் அழட்டும், சண்டை போடட்டும், ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும். தானம் பற்றிய பேச்சு அதற்கப்புறம், வேறு ஆள், தனி அறை. அந்த வேறு ஆள்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 2014 உறுப்பு மாற்று விதிகளின்படி ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனைக்கு இந்த வேலைக்குப் பதிவே கொடுக்க மாட்டார்கள். ஆள் இருப்பது ஒன்று. அந்த ஆள் பேசுவதற்கு ஒரு கதவு மூடிய அறையும் நாலு நாற்காலியும் இருப்பது இன்னொன்று. பல இடங்களில் அந்த அறைதான் இல்லை.

அடுத்தது, மூளைச்சாவு என்பதைக் குடும்பம் கண்ணால் நம்ப முடியாது. உடம்பு சுடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. சில நேரம் விரல்கூட அசையும்; அது தண்டுவடத்திலிருந்து வருகிற அனிச்சை, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால், விரல் அசைவதைப் பார்த்த அக்காவோ தங்கச்சியோ "இவங்க பொய் சொல்றாங்க" என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பு மாற்று செய்கிற குழுவைச் சேர்ந்தவர் அதில் இருக்கக் கூடாது. ஆறு மணி நேர இடைவெளி விட்டு ரெண்டு முறை சோதிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா, காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து, தானாக மூச்சு வருகிறதா என்று சில நிமிஷம் பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளையில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் மூச்சை இழுத்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் தாய்மாமன் தோட்டம் பார்க்கிறவர். "மூச்சு வாங்குதுங்களே சிஸ்டர், வாங்குதுங்களே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரிடம் கேட்டு, ரெண்டாவது சோதனைக்கு அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தோம். மெஷினைக் கழற்றினதும் பையன் நெஞ்சில் கை வைத்தார். நாங்கள் யாரும் பேசவில்லை. நிமிஷங்கள் போய்க்கொண்டே இருந்தன, நெஞ்சு அசையவில்லை. அவரே கையை எடுத்துக்கொண்டார். வெளியே போய்த் தன் தங்கச்சியிடம், "இல்லீங்கம்மிணி, பையன் போயிட்டான், நான் கையை வெச்சுப் பார்த்துட்டேன்" என்றார். எங்கள் ஒருவராலும் அதை அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்தக் குடும்பம் என்ன முடிவு எடுத்தது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். எந்த முடிவாக இருந்தாலும் தெரிந்து எடுத்த முடிவு.

இந்த மாதிரிக் குடும்பத்தில் ஒருவரைச் சோதனை நேரத்தில் உள்ளே விடுவதை எல்லா மருத்துவமனையும் வழக்கமாக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

பவானி கூடுதுறை (ஈரோடு)

அக்கா, இதைப் படித்த பிறகுதான் எங்கள் அப்பாருக்கு ஏன் டாக்டர்கள் ரெண்டு தடவை சோதனை செய்தார்கள் என்றே புரிந்தது. அன்றைக்கு யாரும் சொல்லவில்லைங்க.

சட்டப்புத்தகம் (சேலம்)

நொய்யல்கரை நண்பருக்கு: பில் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மூளைச்சாவு உறுதியான பிறகு உடலைப் பராமரிக்கிற செலவு, உறுப்பை எடுக்கிற செலவு, கொண்டுபோகிற செலவு எதையும் கொடையாளர் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. பெறுபவரோ மருத்துவமனையோ அரசோதான் ஏற்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்த சிகிச்சைக்கான பில் வேறு. இந்த ரெண்டையும் பிரித்து ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம் போட்டுக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டால் ஊர்ப் பேச்சுக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நம்ம நாட்டில் மூளைச்சாவு என்பதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது 1994 ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டம். அது உறுப்பு தானத்துக்காக எழுதிய சட்டம். குடும்பம் "வேண்டாம்" என்று சொன்னால் அடுத்து என்ன? வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவமனைகள் தயங்குகின்றன. இதயம் தானாக நிற்கிற வரை மெஷின் ஓடுகிறது, மீட்டரும் ஓடுகிறது. கேரளத்தில் 2020 இல் அரசே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: தானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூளைச்சாவு சாவுதான், மெஷினை நிறுத்தலாம் என்று. நம்ம பக்கமும் அந்த மாதிரி ஒரு தெளிவு வேண்டும். இல்லாவிட்டால் "கொடுத்தால் பில் நிற்கும், கொடுக்காவிட்டால் ஏறும்" என்ற நிலைமையில்தான் ஏழைக் குடும்பம் முடிவெடுக்கும். அந்தச் சம்மதத்தை நான் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் சேலத்தில் 2018 இல் வந்த புகார் பலருக்கு ஞாபகம் இருக்கும். விபத்தில் இறந்த பாலக்காட்டு இளைஞர் ஒருவரின் உறுப்புகளை மருத்துவமனை பில்லுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள் என்று குடும்பம் சொன்னது. கேரள முதல்வர் பினராயி விஜயன் நம்ம முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமிக்கே கடிதம் எழுதினார். அந்தப் புகாருக்குள் நான் போகவில்லை. அப்படி ஒரு சந்தேகம் எழ முடிந்தது என்பதே போதும். மொழி தெரியாத ஊர், கையில் காசில்லை, எதிரே ஒரு கையெழுத்துத் தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட ஆள் இருந்திருக்க வேண்டும்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர் (திருப்பூர்)

சேலத்து அண்ணா சொன்னதை நான் நேரில் பார்த்தவன்.

எங்கள் கம்பெனியில் ஒடிசாப் பையன்கள் நிறைய. ஒரு பையன் நைட் ஷிஃப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டான். தலையில் அடி. ரெண்டாவது நாள் மூளைச்சாவு என்றார்கள். கூட இருந்தது அவன் ரூம்மேட் மட்டும். அவனுக்குப் பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ஊரில் அப்பாவிடம் வீடியோ காலில் பேச வேண்டும். யார் பேசுவது? எனக்கு ஷெட்டில் பேசுகிற இந்தி தெரியும். "கட்டிங் சீக்கிரம் முடி", "ஓவர்டைம் இருக்கு" என்று சொல்லப் போதுமான இந்தி. அதை வைத்துக்கொண்டு ஒரு தகப்பனிடம் உன் பிள்ளையின் மூளை செத்துவிட்டது, இதயம் மட்டும் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வேன்? அதுவும் அவர் பேசுவது ஒடியா, இந்தி அரைகுறை. "ஜிந்தா ஹை?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வாங்கி ரூம்மேட் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

தானம் பற்றிக் கேட்டார்கள். நான் மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் ஆள். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி போனால் அந்த அப்பாவால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? தானம் நடக்கவில்லை. உடம்பை ஊருக்கு அனுப்பி வைத்தோம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் இத்தனை பேர் இருக்கிற திருப்பூரிலும் கோவையிலும், ஒடியாவும் இந்தியும் பெங்காலியும் தெரிந்த, கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லாத ஆட்களின் போன் நம்பர் ஒவ்வொரு ஐசியூவிலும் இருக்க வேண்டும். இது தானத்துக்காக மட்டும் இல்லை. பிள்ளை செத்த சேதியைச் சொந்த பாஷையில் கேட்கிற உரிமை அந்த அப்பாவுக்கு உண்டு.

விசைத்தறி வீடு (குமாரபாளையம்)

எல்லோரும் மூளைச்சாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் ஆற்றங்கரைப் பக்கம் வந்து "உறுப்பு தானம்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஞாபகம் வருவது பள்ளிபாளையம்.

2025 இல் வெளியே வந்த விஷயம் எல்லோரும் அறிந்ததுதான். கடனில் மாட்டிய தறித் தொழிலாளர்களைப் புரோக்கர்கள் பிடித்து, சில லட்சத்துக்கு ஆசை காட்டி, சொந்தக்காரர் மாதிரிக் கணக்குக் காட்டி, கிட்னியை எடுக்க வைத்திருக்கிறார்கள். அரசு விசாரித்து, திருச்சி, பெரம்பலூர் பக்கத்து ரெண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை ரத்து செய்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிட்னி போனவர்கள் எல்லாம் தறி ஓட்டுகிறவர்கள், வாரக் கடன் கட்டுகிறவர்கள், மகளிர் குழுவில் தவணை பாக்கி வைத்தவர்கள். வாங்கினவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் கிட்னி கிடைத்ததை நான் பார்க்கவில்லை. கிட்னி எங்கள் தெருவிலிருந்து வெளியே போகிறது, உள்ளே வருவதில்லை. இது சரியாகிற வரைக்கும் "தானம் புண்ணியம்" என்று மைக் வைத்துப் பேசினால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள்.

சட்டப்புத்தகம் அண்ணாவிடம் ஒரு கேள்வி. கிட்னியை விற்றவர் போலீஸுக்குப் போனால் அவரையே பிடித்துப் போடுவார்களா? இந்தப் பயத்தில்தான் நிறையப் பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

சட்டப்புத்தகம் (சேலம்)

பயம் காரணமில்லாமல் வந்ததில்லைங்க. அந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தத்துக்கு அப்புறம் உறுப்பு வியாபாரத்துக்கு 5 முதல் 10 வருஷம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். காசு கொடுத்தவர், வாங்கியவர், இடையில் நின்றவர் எல்லோரையும் அந்தப் பிரிவு பிடிக்கும். கடனுக்காக உடம்பை அறுத்துக்கொண்டவரையும் அதை வைத்துச் சம்பாதித்தவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டவர் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், அவரோடு போங்கள். ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

செவ்வாய் வெள்ளி டயாலிசிஸ் (கோபி)

குமாரபாளையத்து அண்ணன் சொன்ன "உள்ளே வருவதில்லை" என்ற தெருவில் நானும் இருக்கிறேன். வயது முப்பத்தி நாலு. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டு, காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் ஓடுகிறது. டயாலிசிஸ் காசில்லாமல் கிடைப்பதற்கு அரசுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கிட்னி மாற்றுக்கும் அதே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கும் என்பதும், காத்திருப்போர் பட்டியலில் நான் பேர் கொடுக்கலாம் என்பதும் எனக்கு யார் சொன்னது தெரியுமா? பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆட்டோக்காரர். டயாலிசிஸ் யூனிட்டில் யாரும் சொல்லவில்லை. பதிவுக்கு மாற்று அறுவை செய்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஒரு மூட்டை டெஸ்ட் எடுக்க வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும். கோபியிலிருந்து கோவை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், கூட வருகிறவருக்கும் சேர்த்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு ரெண்டு அண்ணன்கள். ரெண்டு பேருக்கும் என் ரத்த வகைதான். "டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. அண்ணிமார் என்ன சொல்வார்களோ என்று நானும் கேட்கவில்லை. இதே இது பெரியண்ணனுக்கு வந்திருந்தால் அண்ணியையோ என்னையோ எங்கள் அம்மா இந்நேரம் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். கோபத்தில் சொல்லவில்லைங்க. அப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

காங்கேயம் மருமகள்

கோபி அக்கா, நான் கொடுத்தவள். வீட்டுக்காரருக்கு ஒரு கிட்னி கொடுத்தேன். இப்போது அவர் நன்றாக இருக்கிறார், நானும் நன்றாக இருக்கிறேன். கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

"சம்மதமா" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டபோது ஒரு பக்கம் வீட்டுக்காரர், ஒரு பக்கம் மாமியார். எதிரில் டாக்டரும் இன்னும் ரெண்டு பேரும். அந்த இடத்தில் "கொஞ்சம் பயமா இருக்குதுங்க" என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியாது. என்னை மட்டும் தனியாக, ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ உட்கார வைத்து, "அம்மிணி, வேண்டாமென்றாலும் பரவாயில்லை, நாங்களே உடம்பு சேரவில்லை என்று சொல்லிவிடுகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்போதும் கொடுத்திருப்பேன். ஆனால் நானாகக் கொடுத்தேன் என்பது எனக்கே இன்னும் உறுதியாக இருந்திருக்கும்.

அறுவை முடிந்து அவருக்கு மாசாமாசம் செக்கப். எனக்கு முதலில் ரெண்டு தடவை வரச் சொன்னார்கள், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஒரு கிட்னியோடு இருக்கிறவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்த டெஸ்டும் பார்க்க வேண்டாமா? நானாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். கொடுத்த பெண்கள் இதைப் படித்தால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருங்கிணைப்பு (கோவை)

நான் இந்த வேலையில் இருக்கிறவன். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை.

கோபி சகோதரி, காங்கேயம் சகோதரி ரெண்டு பேரும் சொன்னது நாடு முழுக்க இருக்கிற நிலைமை. தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ வெளியிட்ட கணக்கில், 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 மாற்று அறுவைகளில் ஆண்களுக்கு 29,695, பெண்களுக்கு 6,945. உயிரோடு இருக்கும்போது கொடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். 2025 ஆகஸ்டில் நோட்டோ மாநிலங்களுக்கு எழுதிய அறிவுரையில், காத்திருப்புப் பட்டியலில் பெண்களுக்கும், ஏற்கெனவே இறந்தவரின் உறுப்பைக் கொடுத்த குடும்பத்தாருக்கும் முன்னுரிமை தரச் சொல்லியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் பேரே ஏறாத பெண்ணுக்கு முன்னுரிமை எப்படிக் கிடைக்கும்? கோபி சகோதரி சொன்ன அந்த முதல் படியில்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தாலுகா டயாலிசிஸ் யூனிட்டிலும், பட்டியலில் சேர என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் ஒட்டி, டெஸ்டுகளை அங்கேயே எடுத்து அனுப்பினால் பாதிப் பேர் கூடுதலாக வருவார்கள் என்று நம்புகிறேன். சகோதரி, உங்கள் ஊரிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், அங்கே கிட்னி மாற்று நடக்கிறது. சேலம் அரசு மருத்துவமனையிலும் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் செய்துகொண்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தும் அங்கேயே கிடைக்கும். அந்த மருந்தை வெளியே வாங்க முடியாமல் நிறுத்தி, கிடைத்த கிட்னியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு: முடிவெடுப்பது மாநில ஆணையமான டிரான்ஸ்டான். ரத்த வகை, பட்டியலில் பதிந்த வரிசை, மண்டலம் எல்லாம் பார்ப்பார்கள். நாம் மேற்கு மண்டலம். எடுத்த மருத்துவமனைக்கு ஒரு பங்கு, மீதி பொதுப் பட்டியலுக்கு. இதயம் வெளியே எடுத்தால் நாலு மணி நேரத்தில் பொருத்தியாக வேண்டும், அதனால் தூரமும் கணக்கில் வரும். கிட்னி ஒரு நாள் வரைகூடத் தாங்கும்.

குமாரபாளையத்து நண்பர் "வெளியே போகிறது, உள்ளே வருவதில்லை" என்று சொன்னதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். அரசு மருத்துவமனைகளில் கிட்னி மாற்று பரவியிருக்கிறது. இதயம், நுரையீரல், கல்லீரல் என்று போனால் அரசுப் பக்கம் பெரும்பாலும் சென்னையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் நம்ம பக்கத்து ஏழைக் குடும்பம் கொடுக்கிற இதயம், வரிசை சரியாக இருந்தாலும், தனியார் மருத்துவமனையில் பதிந்திருக்கிறவருக்குப் போவதுதான் அதிகம். விதி மீறல் எதுவும் இல்லாமலேயே இது நடக்கிறது. கோவையிலோ சேலத்திலோ அரசு மருத்துவமனையில் கல்லீரலும் இதயமும் மாற்றுகிற நாள் வந்தால்தான் இது மாறும்.

மாமரத்துத் தோட்டம் (தாராபுரம்)

வயசான மனுசன் நான், ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் பங்காளி வீட்டுப் பெண்ணுக்கு இந்த மாதிரி நடந்தபோது நான்தான் முதலில் வேண்டாம் என்று தடுத்தேன். குளிப்பாட்டி, கோடி போட்டு அனுப்ப வேண்டிய உடம்பு, கண்ணில்லாமல் வயிறு கிழிந்து வந்தால் எப்படி என்று கேட்டேன். அங்கிருந்த ஒரு அம்மா பொறுமையாகச் சொன்னார்: கண்ணில் எடுப்பது மேலிருக்கிற மெல்லிய படலத்தை, இமை மூடினால் தெரியாது, உடம்பைத் தையல் போட்டுத் துடைத்துத்தான் கொடுப்போம், விபத்துக் கேஸ் என்பதால் போஸ்ட்மார்ட்டம் எப்படியும் உண்டு, அதையும் சேர்த்து இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் ஒப்புதல் வந்தது. கோடி போட்டோம், எல்லாச் சீரும் செய்தோம். குழிக்குப் போகும்போது அதிகாரிகள் வந்து அரசு மரியாதை செலுத்தி மலர்வளையம் வைத்தார்கள். நொய்யல்கரைத் தம்பி, உங்கள் ஊரில் கிளம்பின மாதிரிப் பேச்சு எங்கள் ஊரில் கிளம்பவே இல்லை. அந்த மரியாதையைப் பார்த்த பிறகு எவனும் வாயைத் திறக்கவில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்)

ஐயா, நீங்கள் சொன்னது ரொம்பப் பெரிய விஷயம். 2023 செப்டம்பரில்தான் முதல்வர் ஸ்டாலின் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று அறிவித்தார். எங்கள் தம்பி அதற்கு முன்னாலேயே போய்விட்டான். அறிவிப்புக்கு முன் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரு சான்றிதழ், கிராம சபையில் வைத்து நாலு பேர் முன்னால், கொடுத்தால் போதும். சித்தி மாதிரி எத்தனையோ அம்மாக்கள் இருப்பார்கள்.

கோவை அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்குப் போனது என்று பேர் சொல்லக் கூடாது, சரி. ஆனால் "கிட்னி நல்லா வேலை செய்யுது" என்று ஒரு வரிகூடச் சொல்லக் கூடாதா? சித்தப்பா இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒருங்கிணைப்பு (கோவை)

பேர், ஊர், அடையாளம் சொல்லக் கூடாது. நலம் விசாரித்துச் சொல்வதற்குத் தடை இல்லை. நான் பார்த்த குடும்பங்களுக்குச் சில மாசம் கழித்து நானே போன் செய்கிறேன். எல்லா இடத்திலும் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் இது விட்டுப் போகிறது. சித்தப்பா அந்த மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் பேரில் ஒரு கடிதம் எழுதி, டிரான்ஸ்டானுக்கும் ஒரு நகல் போடட்டும். எழுத உதவி வேண்டுமானால் தனிச்செய்தியில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஐசியூ அக்கா (கோவை)

பனியன் கம்பெனித் தம்பி கேட்ட மொழி ஆள் விஷயத்தில், எங்கள் வார்டில் ஒடிசாவிலிருந்து வந்த நர்ஸ் பெண்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். கேட்டேன், எந்த நேரமும் போனில் பேசித் தரத் தயார் என்றார்கள். பெங்காலிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். நாலே விஷயம் எழுதியிருக்கிறேன்: ஒவ்வொரு ஐசியூவிலும் பேசுவதற்குத் தனி அறை, மூளைச்சாவுக்கு முன்னும் பின்னும் என்று பிரித்து எழுதிய பில், வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துக்கு மொழி தெரிந்த ஆட்களின் பட்டியல், டயாலிசிஸ் யூனிட்டுகளில் காத்திருப்புப் பட்டியல் பற்றிய தாளும் பதிவு உதவியும். காங்கேயம் அக்கா சொன்னதை, கொடுக்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் கொடுத்தவருக்கு வருஷாவருஷம் பரிசோதனை என்பதையும், ஐந்தாவதாகச் சேர்க்கிறேன். ஈரோடு, நாமக்கல், கோவைக்காரர்கள் இதே மனுவை உங்கள் மாவட்டத்தில் கொடுக்கலாம். சேலத்து அண்ணா வாசகத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும்.